அலுவலகப் பயணத்துக்குள் ஓர் அருவி: போர்ட்லாந்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்துக்கு மேற்கே இருக்கிறது ஹில்ஸ்பரோ. சிப் தொழில் வேரூன்றிய ஊர். இன்டெலின் பெரிய வளாகங்கள் அங்கேதான் இருக்கின்றன. அதனால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இரண்டு வாரம், மூன்று வாரம் என்று வேலை நிமித்தமாகப் போய்வரும் தமிழ்ப் பொறியாளர்கள் நிறையப் பேர். பலருக்கு ஹோட்டல், அலுவலகம், இந்திய மளிகைக் கடை என்ற மூன்று இடங்களோடு பயணம் முடிந்துவிடுகிறது. ஒரு மணி நேரக் கார் தொலைவில் 620 அடி உயரத்திலிருந்து மல்ட்னோமா என்ற அருவி விழுவதும், அதே சாலையில் சில மைல்களுக்குள் இன்னும் ஆறேழு அருவிகள் வரிசையாக இருப்பதும் ஊர் திரும்பும் நாளில்தான் காதில் விழுகிறது. எனக்கும் முதல் பயணத்தில் அப்படித்தான் ஆயிற்று. இரண்டாம் பயணத்திலிருந்து எனக்கென்று ஒரு வழிமுறை வைத்துக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வழிமுறையின் சாரம் இவ்வளவுதான்: ஒரு பயணத்துக்கு ஓர் அருவியைத் தேர்ந்தெடுங்கள், அதை இரண்டு முறை பாருங்கள். ஒரே நாளில் ஏழு அருவிகளைத் தொட்டுவிட்டு வருகிறவர் கையில் ஏழு சுமாரான படங்கள் இருக்கும். முதல் முறை போகும்போது இடம் பழகும், இரண்டாம் முறை படம் அமையும். வேலைக்கு நடுவில் போகிறவருக்கு அவ்வளவு நேரம்தான் கிடைக்கும், அது போதும்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

கொலம்பியா ஆறு கிழக்கிலிருந்து மேற்காக ஓடி, கேஸ்கேட் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு வருகிறது. அந்த மலைப்பள்ளத்தாக்கின் தென்கரை ஆரிகன், வடகரை வாஷிங்டன் மாநிலம். நீங்கள் தேடும் அருவிகள் தென்கரையில் இருக்கின்றன.

அவை ஏன் அங்கே குவிந்திருக்கின்றன என்பது படம் எடுப்பவருக்குப் பயன்படும் சங்கதி. சுமார் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்ததில் உண்டானது அந்தக் கரும்பாறை. பிறகு கடைசிப் பனியுகத்தின் முடிவில், பனியணைகள் உடைந்து பெருவெள்ளம் திரும்பத் திரும்ப அந்தப் பள்ளத்தாக்கு வழியே பாய்ந்தது. ஆற்றின் இரு சரிவுகளையும் அது செங்குத்தாக வழித்தெடுத்துவிட்டது. பக்கவாட்டிலிருந்து வந்து சேர்ந்துகொண்டிருந்த ஓடைகளுக்குத் திடீரென்று காலடியில் தரை இல்லை. அவைதான் இன்றைய அருவிகள். தென்கரைப் பாறை வடக்கு பார்த்து நிற்பதால் பகலின் பெரும்பகுதி அருவிகள் நிழலில் இருக்கின்றன. அருவிப் படத்துக்கு நிழல்தான் வேண்டும். மதியம்தான் நேரம் கிடைத்தது என்றாலும் இங்கே முற்றிலும் கெட்டுப்போவதில்லை.

இன்னொன்று, போர்ட்லாந்து விமான நிலையம் நகரத்தின் வடகிழக்கு மூலையில், அருவிகள் இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து மல்ட்னோமா அருவிக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். ஹில்ஸ்பரோவோ நகரத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். ஆகவே வேலை நாளில் போவதென்றால் நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். ஊர் திரும்பும் நாளில் எப்படியும் விமான நிலையப் பக்கம் வர வேண்டும், அருவி அங்கிருந்து கிட்டத்தில்தான். வந்திறங்கும் நாளில் மட்டும் போகாதீர்கள். இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்த கண்களோடு, இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கைகளோடு, வலப்பக்கம் ஓடும் நெடுஞ்சாலையில் இறங்குவது ஆபத்து.

எந்த நாள், எந்த நேரம்

கோடையில் இந்திய நேரத்துக்கும் போர்ட்லாந்து நேரத்துக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். முதல் வாரம் முழுக்க விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். மாலை ஏழு மணிக்குக் கண் சொருகும். இதை எதிர்த்துப் போராடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த விழிப்பைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் விடியலுக்குப் போங்கள், இரண்டாம் வாரத்தில் மாலைக்குப் போங்கள்.

விடியல் கணக்கு இப்படி. மே, ஜூன் மாதங்களில் சூரியன் ஐந்தரை மணி சுமாருக்கே உதித்துவிடும். ஹோட்டலிலிருந்து நாலரைக்குக் கிளம்பினால் சாலை காலியாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். ஐந்தரையிலிருந்து ஆறே முக்கால் வரை படம். அதற்குமேல் ஒரு நிமிடமும் தங்காதீர்கள். திரும்பும்போது நகரத்துக்குள் காலை நெரிசல் பிடித்துக்கொள்ளும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். முதல் கூட்டம் ஒன்பதரைக்கோ அதற்குப் பிறகோ இருக்கும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். எட்டு மணிக்குக் கூட்டம் என்றால் அந்த நாளை விட்டுவிடுங்கள். அலுவலகத்தில் எல்லோரும் காத்திருக்க ஈரக் காலணியோடு ஓடி வருவதற்கு எந்த அருவியும் ஈடாகாது.

இரண்டாம் வாரத்தில் உடம்பு ஊர் நேரத்துக்குப் பழகியிருக்கும். ஜூன், ஜூலையில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். ஐந்து மணிக்கு அலுவலகத்தை விட்டால் நெரிசலோடு ஆறரை, ஏழுக்குப் போய்விடலாம். இன்னும் ஒன்றரை மணி நேர வெளிச்சம் கையில் இருக்கும். இதற்கு ஒரே இடைஞ்சல் இந்தியாவோடு பேசும் அழைப்பு. அங்கே காலை ஒன்பது மணி என்றால் உங்களுக்கு இரவு எட்டரை. அந்தப் பள்ளத்தாக்கில் கைப்பேசி சிக்னலை நம்ப முடியாது. அழைப்பு இல்லாத நாளை முன்கூட்டியே குழுவிடம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். வெளிப்படையாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

டிசம்பரில் கணக்கு மாறிவிடும். விடியலே எட்டு மணி நெருங்கும்போதுதான், நாலரைக்கு இருட்டிவிடும். வார நாளில் வாய்ப்பே இல்லை. சனிக்கிழமையை ஒதுக்குங்கள், பாதையில் பனி உறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். பயண மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால் ஏப்ரல், மே. தண்ணீர் நிறைந்திருக்கும், பாசி பச்சைப் பட்டாக இருக்கும்.

போய்ச் சேரும் வழி

வாடகைக் கார் எடுப்பதென்றால் இந்திய ஓட்டுநர் உரிமம், சர்வதேச ஓட்டுநர் அனுமதி, பாஸ்போர்ட் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். கார் அலுவலகச் செலவில் எடுத்தது என்றால், சொந்த நேரத்தில் ஓட்டும்போது காப்பீடு செல்லுமா என்று பயணப் பிரிவில் கேட்டுவிடுங்கள். கேட்காமல் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். ஒரு கீறல் விழுந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

ஐ-84 நெடுஞ்சாலையில் கிழக்கே போக வேண்டும். மல்ட்னோமாவுக்கு 31-ஆம் எக்ஸிட். வழக்கத்துக்கு மாறாக அது இடப்பக்கம் பிரியும் எக்ஸிட், வண்டி நிறுத்துமிடம் எதிரெதிர்த் திசைச் சாலைகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வலப்பக்கமே பார்த்துக்கொண்டு போனால் தவறவிட்டுவிடுவீர்கள். சமீபத்திய கோடைகளில், மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை, காலை ஒன்பது முதல் மாலை ஆறு மணி வரை அங்கே வண்டி நிறுத்த நேரம் குறித்த அனுமதிச்சீட்டு தேவைப்பட்டிருக்கிறது. ரெக்ரியேஷன்.கவ் (recreation.gov) தளத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம். விடியலில் போகிறவருக்கும் ஆறு மணிக்குப் பின் போகிறவருக்கும் இந்தக் கவலை இல்லை. நான் சொல்லும் நேரங்களின் இன்னொரு லாபம் இது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் கிளம்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் ஓட்டாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஹில்ஸ்பரோவில் மேக்ஸ் என்ற நகர ரயிலின் நீலத்தடத்தில் ஏறினால் மாறாமலே கேட்வே நிலையம் வரை போகலாம். அங்கிருந்து கொலம்பியா கார்ஜ் எக்ஸ்பிரஸ் என்ற பஸ் மல்ட்னோமா அருவிக்கே போகிறது. ரயிலுக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகவே இது சனி, ஞாயிறுக்கான வழி. திரும்பும் பஸ் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு பிறகு ஏறுங்கள்.

காரில் போகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. பாதை தொடங்கும் இடங்களில் கார் கண்ணாடியை உடைத்துத் திருடுவது அந்தப் பகுதியில் அடிக்கடி நடக்கிறது. அலுவலக மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். பாஸ்போர்ட் உடம்போடு இருக்கட்டும். டிக்கியில் எதை வைப்பதென்றாலும் ஹோட்டலிலேயே வைத்து மூடிவிடுங்கள். அருவியருகே டிக்கியைத் திறந்து பையை மறைத்து வைத்தால், பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இடம் காட்டியதாக ஆகிவிடும்.

எந்த அருவி

மல்ட்னோமா எல்லோருக்கும் தெரிந்தது. மேலே 542 அடி, கீழே 69 அடி என இரண்டு கட்டமாக, இடையில் சுமார் 9 அடிச் சரிவோடு விழுகிறது. நடுவே 1914-இல் கட்டிய பென்சன் பாலம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பாலத்துக்குத் தார்ப்பாதையில் கால் மைல்தான். பாலத்துக்கு மேலே அருவியின் உச்சி வரை பதினோரு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் பலகை. ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பாலத்தின் மேல் டிரைபாட் வைத்து நீண்ட நேரப் படம் எடுக்க முயலாதீர்கள். ஆட்கள் நடக்கையில் அதிர்வு வந்தால் படம் கலங்கிவிடும். கீழிருந்து, பாலமும் இரண்டு கட்டமும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் நில்லுங்கள்.

புதியவருக்கு நான் சொல்வது மல்ட்னோமா அல்ல, லாட்டூரெல். 28-ஆம் எக்ஸிட்டில் இறங்கி, பழைய கொலம்பியா நெடுஞ்சாலையில் மேற்கே மூன்று மைலுக்குள் வந்துவிடும். காரிலிருந்து அடிவாரத்துக்கு ஐந்து நிமிட நடை. பாறை வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் தண்ணீர் எங்கும் படாமல் ஒரே வீச்சாக இருநூறு அடிக்கு மேல் விழுகிறது. பின்னால் பென்சில் கட்டை நிறுத்திவைத்ததுபோல் அறுகோணக் கற்றூண்கள். அந்தக் கருந்தூண்களின்மேல் எலுமிச்சை மஞ்சளில் கல்பாசி படர்ந்திருக்கிறது. முதல்முறை விடியலில் பார்த்தபோது யாரோ சுவரில் சாயம் பூசியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். வெளிச்சம் ஏற ஏற அந்த மஞ்சள் கறுப்பிலிருந்து மெல்லப் பிரிந்து வெளியே வந்தது. குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவன் நான். அருவி என்றால் தலையைக் கொடுக்க வேண்டும் என்பதே என் பழக்கம். இங்கே தள்ளி நின்று அரை மணி நேரம் வெறுமனே பார்க்கக் கற்றுக்கொண்டேன். நேரம் இருந்தால் மேல் அருவியையும் சேர்த்து 2.4 மைல் சுற்று நடக்கலாம்.

மாலை நடைக்கு ஹார்ஸ்டெயில். அருவி சாலையோரத்திலேயே விழுகிறது. அதன் பக்கத்தில் ஏறும் பாதையில் அரை மைலுக்குள் போனிடெயில் அருவி வரும். அங்கே பாதை அருவிக்குப் பின்னால், குடைந்த பாறைக்குள் போகிறது. தண்ணீர்த்திரை வழியே காட்டைப் பார்த்துப் படம் எடுக்கலாம்.

முழுச் சனிக்கிழமை கிடைத்தால் வாக்கீனாவில் தொடங்கி மல்ட்னோமாவில் முடியும் சுற்று நடை: சுமார் 5 மைல், 1,600 அடி ஏற்றம். அல்லது தெற்கே, ஆரிகனில் உள்ள சேலம் நகருக்குக் கிழக்கே சில்வர் ஃபால்ஸ் மாநிலப் பூங்கா. 7.2 மைல் பாதையில் பத்து அருவிகள், சிலவற்றின் பின்புறமாகவே நடக்கலாம். ஆனால் மறுநாள் ஞாயிறு ஓய்வாக இருந்தால் மட்டும்.

பையில் என்ன

ஒரு கேமரா, ஒரு லென்ஸ். கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸே போதும். ஒரு கிலோவுக்குள் உள்ள டிரைபாட் ஒன்று, அது செக்-இன் பெட்டிக்குள் போகட்டும். உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், அது விமான விதி. ஈரப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் ஒன்று கட்டாயம். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மதியப் படத்துக்குத்தான் தேவை, இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

பிறகு மூன்று மைக்ரோஃபைபர் துணிகள். ஒன்று நனைந்துவிடும், இரண்டாவதும் நனைந்துவிடும். ஹோட்டல் குளியலறையில் கொடுக்கும் பிளாஸ்டிக் தலையுறையைக் கேமராவுக்கு மாட்டுங்கள். சாரலுக்கு அதைவிட நல்ல உறை இல்லை. தலையில் கட்டும் டார்ச் விளக்கு, மழைக்கோட்டு, பிடிப்புள்ள காலணி. மாற்றுக் காலுறையும் அலுவலகக் காலணியும் காரில் இருக்கட்டும், அவற்றை யாரும் திருடப்போவதில்லை. விடியற்காலையில் வழியில் சூடாக எதுவும் கிடைக்காது. ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலை முந்தின இரவே சோற்றில் பிசைந்து ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போவேன். ஆறு மணிக் குளிரில் அதற்கு இணை கிடையாது.

அருவிமுன் நின்று செய்ய வேண்டியவை

போனவுடன் கேமராவை எடுக்காதீர்கள். சூடான காருக்குள் இருந்த கண்களும் சரி, மனமும் சரி, அடங்கப் பத்து நிமிடம் ஆகும். கைப்பேசியில் நாலைந்து கோணம் எடுத்துப் பாருங்கள். எது நன்றாக இருக்கிறதோ அங்கே டிரைபாடை ஊன்றுங்கள்.

தொடக்க அளவுகள்: ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100, அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8 முதல் 11, ரா (கேமரா பதப்படுத்தாத) கோப்பாகப் பதிவு. ஷட்டர் வேகம், அதாவது ஒளியை உள்ளே விடும் நேரம்தான் எல்லாம். அருவி என்றால் முப்பது விநாடி வைத்துப் பால் ஊற்றியதுபோல் ஆக்கிவிடுகிறார்கள் புதியவர்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. தண்ணீரின் எடை போய்விடுகிறது. லாட்டூரெல்போல நேராக விழும் அருவிக்குக் கால் விநாடி முதல் அரை விநாடி. அந்த அளவில் நூல் நூலாகப் பிரிந்து விழுவது படத்திலும் தெரியும். கீழே பாறைகளுக்கு இடையே சுழித்து ஓடும் ஓடைக்கு ஒரு விநாடி, இரண்டு விநாடி அழகு. ஒரே கோணத்தில் நாலு வேகத்தில் எடுத்து வாருங்கள், அறையில் பெரிதாக்கிப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

போலரைசரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் ஈரப்பாறையின் வெள்ளைப் பளபளப்பு சட்டென்று அணையும். இலைகளின் பச்சையும் அந்த மஞ்சள் பாசியும் அடியிலிருந்து எழுந்து வரும். அங்கே நிறுத்துங்கள். ஃபில்டர் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தைக் குடித்துவிடுவதால் விடியலில் ஷட்டர் தானாகவே மெதுவாகிவிடும், என்டி தேவைப்படாது.

வெள்ளைத் தண்ணீர் வெளிறிப்போகாமல் காப்பது அடுத்த வேலை. வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப் சுமாருக்குக் குறைத்துவையுங்கள். திரையில் வெளிறிய பகுதி மினுக்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். அருவியின் நடுவில் மினுக்கினால் இன்னும் குறையுங்கள். இருண்ட பாறையைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம், எரிந்துபோன வெள்ளையை மீட்க முடியாது.

இரண்டு விநாடி டைமர் போட்டு, கையை எடுத்துவிடுங்கள். லென்ஸின் நடுக்கக் குறைப்பை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கு முன்னும் லென்ஸைத் துடையுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். என் முதல் விடியலில் நாற்பது படங்கள் எடுத்தேன். அறைக்கு வந்து பார்த்தபோது முப்பதில் வலது மூலையில் ஒரே துளி, மங்கிய வட்டமாக உட்கார்ந்திருந்தது. இப்போது துணியால் லென்ஸை மூடிக்கொண்டே நிற்பேன். டைமரை அழுத்திய பிறகுதான் துணியை எடுப்பேன்.

கைப்பேசி மட்டும் உள்ளவர்களும் வரலாம். ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்து, பிறகு லாங் எக்ஸ்போஷர் என்று மாற்றலாம். பல ஆண்ட்ராய்டு பேசிகளில் புரோ பயன்முறையில் ஷட்டர் வேகத்தை நேரடியாகவே வைக்கலாம். தடுப்புக் கம்பியில் பேசியைச் சாய்த்து, மூச்சை அடக்கி எடுங்கள்.

பாதையில்

2017 செப்டம்பரில் ஈகிள் கிரீக் பகுதியில் பட்டாசால் பற்றிய தீ ஏறக்குறைய 50,000 ஏக்கர் காட்டை எரித்தது. வேர் பிடிப்பு இழந்த சரிவுகளில் அதன் பின்னர் கல்லும் மரமும் சரிந்து பாதைகள் மூடப்படுவது உண்டு. மூடிய பாதை என்றால் மூடிய பாதைதான். வேலியைத் தாண்டி நல்ல கோணம் தேடுகிறவர்கள் அங்கே இறந்திருக்கிறார்கள். மூன்று மூன்று இலைகளாக விடும் பாய்சன் ஓக் செடி ஓரங்களில் இருக்கலாம், தொட்டால் தோல் கொப்பளிக்கும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று உடன் பணிபுரியும் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வரைபடத்தை முன்பே பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள்

மாலை விமானம் என்றால் முந்தின இரவே விமான நிலையம் அருகில் ஒரு ஹோட்டலுக்கு மாறிக்கொள்ளுங்கள். பெட்டிகளை அங்கே வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டு, கேமராவோடு மட்டும் கிளம்பலாம். இரண்டாவது முறை அதே அருவி. முதல்முறை எங்கே ஊன்றினோம், எது தப்பிப்போயிற்று என்பதெல்லாம் நினைவில் இருக்கும், நேரே அந்தக் கல்லுக்கே போய்விடுவீர்கள். பதினோரு மணிக்குள் திரும்பிவிடுங்கள். டிரைபாடின் கால்களை நீட்டி, மண்ணைத் துடைத்து, ஹோட்டல் துண்டில் ஈரம் ஒற்றிய பிறகே பெட்டியில் வையுங்கள். ஈரக் காலணிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். படங்களை இரண்டு இடத்தில் படியெடுத்துவிட்டு, மெமரி கார்டைப் பெட்டியில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.